ஊர்தியின் மூளையும் நம் கைத்திருத்தமும்

மேலகரம் என்றவுடன் தமிழ் கற்றோர் நினைவுக்கு முதலில் வருபவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் யாத்த குற்றாலக் குறவஞ்சியில் குறத்தியானவள் தலைவியின் கையைப் பார்த்து, அவள் வாய்விட்டுச் சொல்லாத உள்ளத்து நோயை எடுத்துரைக்கின்றாள். அக்கவிராயரின் ஊரைச் சூழ்ந்த தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பகுதி ஊர்திப் பட்டறைகளில் இன்று வேறொரு வகைக் குறி சொல்லப்படுகின்றது. கையடக்கமான கருவியொன்றை மகிழுந்தின் ஸ்டியரிங்கிற்குக் கீழேயுள்ள பதினாறு முனைத் துளையில் பொருத்தினால், வண்டியின் உள்நோய் எண்ணும் எழுத்துமாகத் திரையில் தோன்றிவிடுகின்றது. ‘ஸ்கேனர்’ எனப் பட்டறையாளர் வழங்கும் இக்கருவியின்றி இன்றைய மகிழுந்தைப் பழுதுபார்த்தல் அரிதாகிவிட்டது.

குறத்தி கைரேகையைப் படித்தாள், மாற்றி வரையவில்லை. இக்காலக் கருவிகளுள் சிலவோ படிப்பதோடு எழுதவும் வல்லன. தயாரிப்பாளர் எழுதிவைத்த மென்பொருளை நீக்கி வேறொன்றை எழுதலாம். முகப்புப் பலகை காட்டும் எண்ணையும் எச்சரிக்கையையும் மாற்றலாம். இவ்வழக்கம் யாது, இதனால் விளையும் கேடுகள் யாவை என்பவற்றை மாணவரும் பெற்றோரும் அறியுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் இயந்திரச் செய்தி எதற்கு என வினவுவோர் இருக்கலாம். மென்பொருளும் எழுதப்பட்டதோர் ஏடே. ஏட்டுச்சுவடியில் இடைச்செருகல் புகுந்தால் பாடம் கெடும், பொருள் திரியும் என்பதை நாம் வகுப்பறையில் நாள்தோறும் கற்பிக்கின்றோம். ஊர்தியின் ஏட்டில் புகும் இடைச்செருகலோ உயிருக்கே ஊறு செய்யவல்லது. ஆதலின் இதனை எடுத்துரைத்தல் நம் கடமையெனக் கருதுகின்றோம்.

மூளை வந்த வரலாறு

அம்பாசிடரும் பியட்டும் ஓடிய நாளில் எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளையும் காற்றையும் கார்புரேட்டர் கலந்தது. அதைச் சரிசெய்யத் திருப்புளியும் தேர்ந்த செவியும் போதும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 வண்டியும் தொடக்கத்தில் அவ்வாறே இயங்கியது. மேலைநாடுகளில் புகைக்கட்டுப்பாட்டுச் சட்டங்கள் கடுமையானபோது எரிபொருளைத் துளித்துளியாய் அளந்து தரவேண்டிய தேவை எழுந்தது. அப்பணி கணிப்பொறியின் கைக்குச் சென்றது. நம் நாட்டிலும் பாரத் நிலை எனப்படும் புகைவரம்புகள் படிப்படியாக வந்தன. நான்காம் நிலை 2010 ஏப்ரல் முதல் நாள் சென்னை உள்ளிட்ட பதின்மூன்று நகரங்களிலும், 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் நிலையைத் தாண்டி, 2020 ஏப்ரல் முதல் நாள் ஆறாம் நிலை கட்டாயமாயிற்று. இவ்வரம்புகளைக் கணிப்பொறியின் துணையின்றி எட்டுதல் இயலாது.

எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று, முகப்புப் பலகைக்கு ஒன்று எனச் சிறு கணிப்பொறிகள் பல இன்றைய வண்டியில் உள்ளன. இவை தம்முள் பேசிக்கொள்ள ஒரு பொதுவழி வேண்டும். செருமானிய நாட்டு பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘கேன்’ என்னும் செய்தி முறையே இன்றளவும் பெரும்பாலும் அப்பொதுவழியாய் விளங்குகின்றது. இதனை ஓர் ஊர்க்கூட்டத்திற்கு ஒப்பிடலாம். ஒருவர் சொன்னால் அனைவரும் கேட்பர். ஆயின், சொன்னவர் உண்மையில் யார் என்று சரிபார்க்கும் வழக்கம் அம்முறையின் அடிப்படை அமைப்பில் இல்லை. இக்குறையை நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

வாய்பாடும் அதன் திருத்தமும்

எஞ்சின் கணிப்பொறியின் உள்ளத்தில் இருப்பது ஒருவகை வாய்பாடு எனலாம். எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகின்றது, எவ்வளவு காற்று புகுகின்றது, ஓட்டுநர் கால்மிதியை எவ்வளவு அழுத்தியுள்ளார், நீரின் சூடு எவ்வளவு என்பவற்றை உணரிகள் கணந்தோறும் தெரிவிக்கின்றன. அவ்வெண்களைக் கொண்டு கணிப்பொறி வாய்பாட்டில் உரிய கட்டத்தைப் பார்க்கும். எரிபொருள் எவ்வளவு, எந்தக் கணத்தில் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் தரவேண்டும் என்பவற்றை முடிவு செய்யும்.

‘ரீமேப்பிங்’ என்பது இவ்வாய்பாட்டின் எண்களை மாற்றி எழுதுதலாகும். இழுவிசை கூடும், மலையேற்றத்தில் வண்டி பாய்ந்து செல்லும் என்று சொல்லி இதனைச் செய்து தருவோர் பெருநகரங்கள் பலவற்றில் உளர். அவர்கள் கூற்று முற்றிலும் பொய்யன்று. டர்போ பொருத்திய டீசல் வண்டிகளில் எரிபொருளையும் அழுத்தத்தையும் கூட்டினால் ஆற்றல் கூடவே செய்யும். அவ்வாறாயின் தயாரிப்பாளர் அதனைத் தாமே செய்யாது விட்டது ஏன் என்பதே வினா.

தயாரிப்பாளர் விட்டுவைத்த அந்த இடைவெளி காப்பிற்கு உரியது. சித்திரை வெயில், தரங்குறைந்த எரிபொருள், முழுச்சுமை, பத்தாண்டுத் தேய்மானம் ஆகிய அனைத்தையும் தாங்கவே எண்கள் குறைத்து எழுதப்பட்டுள்ளன. அவ்விடைவெளியை உண்டுவிட்டால், கூடிய இழுவிசையை முதலில் கிளட்ச் தாங்காது. வெளியேறும் புகையின் வெப்பம் மிகுந்து டர்போவின் சிறகுகள் பழுதுறும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி முந்தினால் ‘நாக்கிங்’ என்னும் தட்டல் எழும்; அது தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம். செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு வழியே ஆரியங்காவுக் கணவாய்க்குக் குடும்பத்தோடும் சுமையோடும் ஏறும் வண்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள். சமவெளியில் சில நிமிடம் ஓட்டிக் காட்டியபோது வெளிப்படாத குறை அவ்வேற்றத்தில் வெளிப்படும்.

எழுதும் செயலிலேயே ஓர் இடர் உண்டு. மென்பொருள் பாதி எழுதப்பட்டிருக்கையில் பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தாலோ இணைப்பு அறுந்தாலோ பழைய பாடமும் இல்லை, புதிய பாடமும் இல்லை என்றாகிவிடும். அதன்பின் வண்டி உயிர்பெறாது. கணிப்பொறியையே கழற்றிச் சீர்செய்யவோ புதிதாக வாங்கவோ நேரும். தயாரிப்பாளரின் உத்தரவாதமும் இதனால் மறுக்கப்படலாம்.

பொய் பேசும் பலகை

எஞ்சின் திருத்தத்தினும் பரவலாக நம்மவரைத் தாக்குவது முகப்புப் பலகையில் நிகழும் திருத்தமே. அதனுள் முதன்மையானது ஓடிய தொலைவைக் குறைத்துக் காட்டும் மோசடி.

பல்லிணைச் சக்கரங்களால் இயங்கிய பழைய மீட்டரைப் பின்னோக்கிச் சுழற்றுவர். இன்று தொலைவு மின்னணு நினைவகத்தில் எண்ணாக இருக்கின்றது. உரிய கருவி இருப்பின் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். எடுத்துக்காட்டாக, வாடகை வண்டியாய் 1,80,000 கிலோமீட்டர் ஓடியதொன்றை 60,000 எனக் காட்டி விற்பதாகக் கொள்வோம். வளைகுடா நாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஊரில் தங்கிய பெற்றோரின் மருத்துவமனைப் பயணத்திற்கென ஒரு குடும்பம் அதனை வாங்குகின்றது. அவர்கள் இழப்பது விலை வேறுபாடு மட்டுமன்று. எஞ்சினின் டைமிங் பெல்ட், பிரேக் திரவம், கியர் எண்ணெய் முதலியன குறித்த தொலைவிலும் காலத்திலும் மாற்றப்பட வேண்டியவை. தொலைவே பொய்யானால் பராமரிப்பு முழுவதும் பொய்யாகும். பெல்ட் ஓடும்போதே அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் பாழாகும். கணவாய்ச் சாலையில் அது நிகழ்ந்தால் விளைவை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அமெரிக்க நாட்டில் 1972ஆம் ஆண்டே இம்மோசடியைத் தடுக்கக் கூட்டரசுச் சட்டம் வந்தது. நம் நாட்டில் வாங்குவோரை இவ்வாறு ஏமாற்றுதல், 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு கூறும் ஏமாற்றுக் குற்றத்தின்பாற்படும். சட்டம் ஒருபுறம் நிற்க, அளவிலும் நிறுவையிலும் குறைசெய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் அமைந்துள்ளதை நம் பெரியோர் நன்கறிவர். கடைத்தராசின் முள்ளுக்குரிய நெறியே வண்டி மீட்டரின் எண்ணுக்கும் உரியது.

இரண்டாவது, எச்சரிக்கையின் வாயை அடைத்தல். 2019 சூலை முதல் நாள் தொடங்கி, புதிய மகிழுந்துகளில் ஓட்டுநர் காற்றுப்பை, இருக்கைப்பட்டை நினைவூட்டி, வேக எச்சரிக்கை ஆகியன கட்டாயமாக்கப்பட்டன. 80 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தால் விட்டுவிட்டும், 120ஐக் கடந்தால் இடைவிடாதும் ஒலியெழும். இவ்வொலியைத் தொல்லையெனக் கருதி மென்பொருள் வழியாக நிறுத்தித் தரக் கேட்போர் உளர். பட்டை அணியாமலே அணிந்ததாகக் காட்டும் சிறு கொக்கிகளும் விற்பனைக்கு வந்தன. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நிகழ்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தபின், பின்னிருக்கையிலும் பட்டை அணியும் தேவை நாடெங்கும் பேசப்பட்டது. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நடவடிக்கையால் இணைய அங்காடிகள் இக்கொக்கிகளுக்கான 13,118 விற்பனைப் பட்டியல்களை நீக்கின. விற்றவர் வாங்குவோரை நம்பியே விற்றனர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

இவற்றினும் கொடியது காற்றுப்பை விளக்கில் செய்யும் சூது. விபத்தில் ஒருமுறை விரிந்த பை மீண்டும் பயன்படாது. புதிதாக மாற்றுதல் வேண்டும். அச்செலவைத் தவிர்க்க, பைக்குப் பதிலாக ஒரு சிறு மின்தடையைப் பொருத்திக் கணிப்பொறியை ஏமாற்றுவோர் உண்டு. பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியாது. உள்ளே பையும் இராது. ‘எல்லாம் நலம்’ எனப் பலகை சொல்ல, அதனை நம்பி ஒரு தாய் தன் குடும்பத்தோடு பயணம் புறப்படுகின்றாள்.

திரை என்னும் வாயில்

பாட்டும் வழிகாட்டியும் தரும் தொடுதிரையை மாற்றுவதில் இளைஞர் பெருவிருப்பம் காட்டுகின்றனர். பாட்டுப்பெட்டிதானே, இதில் என்ன இடர் என்று தோன்றும். இதற்கு விடையாக 2015ஆம் ஆண்டு சூலையில் வெளியான ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டியைத் தொலைவிலிருந்து கணினி வழியே கட்டுப்படுத்திக் காட்டினர். ஓட்டுநர் உடன்பட்டே வண்டியில் இருந்தார். துடைப்பான் தானே அசைந்தது, பாட்டு உரத்தது, பின்னர் எஞ்சினின் விசை சக்கரத்திற்குச் செல்லாது நின்றது. அவர்கள் நுழைந்த வாயில் முகப்புத் திரையின் பொழுதுபோக்கு அமைப்பே. அத்திரையோடு இணைந்த ஒரு சில்லின் மென்பொருளை மாற்றி எழுதி, அதன்வழி ‘கேன்’ பொதுவழியில் தம் செய்திகளை அனுப்பினர். சொன்னவர் யார் என்று கேளாத ஊர்க்கூட்டம் அவர்கள் சொல்லையும் ஏற்றுக்கொண்டது. விளைவாக அந்நிறுவனம் அமெரிக்காவில் 14 இலட்சம் வண்டிகளைத் திருத்தத்திற்காகத் திரும்ப அழைத்தது.

ஆகவே, எவர் எழுதியதென்று தெரியாத மென்பொருளைத் திரையில் ஏற்றுவதும், ஸ்கேனர் துளையில் மலிவான புளூடூத் செருகியை எந்நேரமும் விட்டுவைப்பதும் வீட்டின் பின்கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கு ஒப்பாகும்.

பெருநிறுவனம் செய்த இடைச்செருகல்

தவறு தனிமனிதரிடம் மட்டுமே என்று கருதற்க. 2015 செப்டம்பர் 18ஆம் நாள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் வண்டிகளில் ஒரு சூது மென்பொருள் இருப்பதாக அறிவித்தது. வண்டி சோதனைக்கூடத்தில் உள்ளதா, சாலையில் உள்ளதா என்பதை ஸ்டியரிங்கின் அசைவு முதலியவற்றால் அது அறிந்துகொள்ளும். சோதனையின்போது தூய்மையாக இயங்கும். சாலைக்கு வந்ததும் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். சாலையில் வெளியான நைட்ரஜன் ஆக்சைடுகள் வரம்பைப் போல் 40 மடங்கு வரை இருந்தன. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே 10 இலட்சம் வண்டிகள் இதில் அடங்கின. இந்தியாவிலும் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச் 7ஆம் நாள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அதன்மீது கட்டாய நடவடிக்கை கூடாதென அதே ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டிலும் சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது.

நிறுவனத்தைக் கண்டித்தோம். ஆயின் ஆறாம் நிலை டீசல் வண்டியின் புகைவடிகட்டி அடைத்துக்கொள்கிறதென்று, அதனைக் கழற்றிவிட்டு, அது இருப்பதாகவே கணிப்பொறி எண்ணுமாறு மென்பொருளை மாற்றும் உரிமையாளர் செய்வது வேறென்ன? சாரல் பருவத்தில் ஐந்தருவிச் சாலையில் ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊரும்போது, பின்னால் வரும் ஆட்டோவில் அமர்ந்த குழந்தையே அக்கரியை மூச்சாக இழுக்கின்றது.

சட்டமும் உரிமையும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச்சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிற்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கின்றது. 2019 சனவரி 9ஆம் நாள் கேரள வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எரிவாயுவுக்கு மாற்றுதல், மாற்றுத்திறனாளிகளுக்கென அமைத்தல் போன்ற பயனுள்ள மாற்றங்களுக்கு உரிய அனுமதியுடன் சட்டமே வழிவிடுகின்றது.

மறுபக்கத்தையும் நோக்குதல் நடுநிலையாகும். மென்பொருளைக் காரணங்காட்டி, எல்லாப் பழுதுக்கும் தம்மிடமே வரவேண்டுமென நிறுவனங்கள் கூறுமாயின் சிற்றூர்ப் பட்டறைகள் என்னாகும்? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப்பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்தன என்று 14 மகிழுந்து நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன எனினும், அவ்வாணை எழுப்பிய வினா நியாயமானது. நோயைப் படித்தறியும் உரிமை தென்காசிப் பட்டறையாளருக்கும் வேண்டும். பழுதுபார்த்தல் வேறு, பொய் எழுதுதல் வேறு. முன்னதற்கு உரிமை கேட்போம், பின்னதற்கு இடங்கொடோம்.

கடைப்பிடிக்கத்தக்கன

பழைய வண்டி வாங்குவோர் மீட்டரை மட்டும் நம்பாது, சேவை நிலையப் பதிவேட்டில் உள்ள தொலைவோடு ஒப்பிட வேண்டும். கால்மிதி, ஸ்டியரிங், இருக்கை ஆகியவற்றின் தேய்வு எண்ணோடு பொருந்துகின்றதா எனக் காணவேண்டும். டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் டயர்கள் ஏன் மாற்றப்பட்டன என்று கேட்கலாம். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையெனில் ஐயுறுக. எரிந்து அணைந்தாலும் முன்பு விபத்துற்ற வண்டியாயின் தேர்ந்த பட்டறையாளரைக் கொண்டு பையைச் சோதிக்க. மென்பொருள் புதுப்பித்தல் தேவைப்படின் தயாரிப்பாளர் தருவதை மட்டும் ஏற்க. முன்னுரிமையாளர் ஏதேனும் திருத்தம் செய்தாரா என்பதை எழுத்தில் பெறுக. மறைத்த மாற்றம் காப்பீட்டு இழப்பீட்டிற்கும் தடையாகலாம்.

பட்டறைத் தொழிலில் ஈடுபடும் நம் மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் கையிலுள்ள கருவி நோயைக் காணவும் வல்லது, நோயை மறைக்கவும் வல்லது. எச்சரிக்கை விளக்கை அணைத்துத் தருமாறு கேட்பவரிடம், விளக்கு எரியும் காரணத்தைத் தீர்த்துத் தருகின்றேன் என்று சொல்லுங்கள். ஒரு வாடிக்கையாளர் போகலாம். நாணயத்தை நாடிப் பலர் வருவர்.

முடிவுரை

வண்டி நம் பெயரில் பதிவானது. அதனை வாங்கிய பணமும் நம்முடையது. ஆயின் அவ்வண்டி சொல்லும் சொல் நமக்கு மட்டும் உரியதன்று. மீட்டரின் எண் நாளை வாங்குவோர்க்கும், பிரேக்கின் செய்தி எதிரே வருவோர்க்கும், புகையின் அளவு பின்னே வருவோர்க்கும் அளிக்கப்பட்ட வாக்குறுதிகள். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிறர் ஏட்டில் இடைச்செருகல் செய்யாதிருத்தலைப் புலமையின் நேர்மை என்கின்றோம். அந்நேர்மை சாலைக்கும் வந்து சேருமாயின், குற்றாலச் சாரலை நாடி வருவோர் அனைவரும் நலமே இல்லம் திரும்புவர்.